கடுகளவு ஈயம்: ஸ்ரீநகர், 2016 – ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஜனவரியில் ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்தில் அன்றைய முதல்வர் மெஹபூபா முஃப்தி ஒரு கணக்கைக் கொடுத்தார். 2016 ஜூலை 8 முதல் 2017 பிப்ரவரி 27 வரை காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பெல்லட் (துப்பாக்கியிலிருந்து சிதறும் சின்ன ஈயக் குண்டு) பட்டுக் காயமடைந்தவர்கள் 6,221 பேர். அவர்களில் கண்ணில் அடிபட்டவர்கள் 700 பேருக்கும் மேல். பார்வைக் குறைபாடு ஏற்பட்டவர்கள் 54 பேர்.

கண் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாளாவது வேலை பார்த்த யாருக்கும் அந்த மூன்றாவது எண் தொண்டையில் சிக்கும். 700 பேரில் எல்லோருக்கும் பெல்லட் கண்ணுக்குள் போயிருக்காது, சரி. இமையோடு நின்றவை இருக்கும், விழியின் வெளிப்பரப்பை உரசிக்கொண்டு போனவை இருக்கும். அவற்றையெல்லாம் கழித்தாலும் 54 மிகச் சின்ன எண். அது பொய் என்று நிறுவுவது இந்த ஆய்வின் வேலை அல்ல. எந்தக் கோலை வைத்து அளந்தால் இப்படி ஒரு எண் கிடைக்கும் என்று பார்ப்பதுதான் வேலை. கண் காயத்தின் முடிவை அளக்க, அறுவை செய்தவர் ஒரு கோல் வைத்திருப்பார், பார்வை அட்டை இன்னொன்று வைத்திருக்கும், சட்டம் வேறொன்று வைத்திருக்கும். மூன்றும் ஒரே ஆளைப் பற்றி மூன்று விதமாகப் பேசும்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது

2016 ஜூலை 8 அன்று ஹிஸ்புல் முஜாஹிதீன் என்ற ஆயுதக் குழுவின் தளபதி புர்ஹான் வானி கொல்லப்பட்ட பிறகு காஷ்மீர் முழுக்கப் போராட்டம் வெடித்தது. கூட்டத்தைக் கலைக்க மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் மாநிலப் போலீசும் பெல்லட் துப்பாக்கிகளைப் பயன்படுத்தின. இந்தத் துப்பாக்கி 2010லேயே பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டுப் போராட்டங்களில் துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததால், உயிர் எடுக்காத மாற்று என்று இதைக் கொண்டுவந்தார்கள்.

துப்பாக்கி 12 போர் (‘போர்’ என்பது குழலின் அகல அளவு) பம்ப் ஆக்‌ஷன் வகை. தோட்டா, பறவை வேட்டைக்கு உலகமெங்கும் பயன்படுவதுதான். 9ஆம் எண் தோட்டா ஒன்றுக்குள் நூற்றுக்கணக்கான ஈயக் குண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் அகலம், 0.05 கிராம் எடை. நம் சமையலறைக் கடுகு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் அளவு. விசையை இழுத்ததும் குழலிலிருந்து வெளிவந்து, போகப் போகக் கூம்பு போல விரியும். துப்பாக்கி ஏந்தியவர் கூம்பின் நடுக்கோட்டைத்தான் குறி வைக்கலாம். கூம்பின் ஓரத்தில் போகும் குண்டு யார் மீது படும் என்பது அவர் கையில் இல்லை. சன்னலோரம் நின்றவர்களும் தெருவைக் கடந்தவர்களும் அடிபட்டதற்கு இதுவே காரணம்.

இடுப்புக்குக் கீழே சுட வேண்டும் என்பது விதி. 2016 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தில் ரிசர்வ் போலீஸ் படை தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், 32 நாட்களில் சுமார் 13 லட்சம் பெல்லட்டுகள் சுடப்பட்டதாகச் சொன்னது. ஓடியும் குனிந்தும் நகர்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் அந்த விதியைக் கடைப்பிடிப்பது கடினம் என்பதையும், பெல்லட்டை நிறுத்தினால் ரைஃபிளைத்தான் எடுக்க வேண்டிவரும், அப்போது சாவு கூடும் என்பதையும் அதே பத்திரமே சொன்னது. அந்த வாதத்தின் நியாய அநியாயம் நீதிமன்றத்துக்கு உரியது. கண் மருத்துவத்துக்கு அதில் வேண்டிய தகவல் ஒன்றுதான்: அத்தனை குண்டுகளும் கட்டுக்குள் இல்லாத உயரத்தில் பறந்தன.

இவ்வளவு லேசான குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழந்துவிடும். கொஞ்சம் தள்ளி நின்றவரின் கன்னத்தில் பட்டால் தோலுக்கடியில் போய் நின்றுகொள்ளும். வாழ்நாள் முழுக்க அப்படியே விட்டுவிடலாம், பெரும்பாலும் விட்டும்விட்டார்கள். அந்த மாதங்களில் எடுத்த மண்டையோட்டு எக்ஸ்ரேக்கள் பத்திரிகைகளில் வந்தன. முகமெங்கும் வெள்ளைப் புள்ளிகள், எண்ண முடியாத அளவு. படத்தைப் பார்ப்பவர் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கண்டு அதிர்வார். கண் டாக்டர் தேடுவது எண்ணிக்கையை அல்ல. கண்குழியின் வட்டத்துக்குள் விழுந்திருக்கும் அந்த ஒரு புள்ளி எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

24 மில்லிமீட்டர் பயணம்

வளர்ந்த மனிதரின் கண் முன்னிருந்து பின்னாக சுமார் 24 மில்லிமீட்டர். முன்னால் இருக்கும் கருவிழி அரை மில்லிமீட்டர் தடிமன். வெள்ளை விழி பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலும், கண்ணை அசைக்கும் தசைகள் ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பின்னால் 0.3 மில்லிமீட்டர்தான். தோல் தடுத்து நிறுத்தும் அதே குண்டை இந்தச் சுவர்களால் நிறுத்த முடியாது.

கத்திமுனையோ கண்ணாடிச் சில்லோ கிழித்தால் வெட்டு நேராக இருக்கும். ஓரங்களைச் சேர்த்துத் தைக்கலாம். பெல்லட் கிழிப்பதில்லை, குத்தித் துளைக்கிறது. துளையின் ஓரம் நசுங்கிப் போயிருக்கும், சில இடங்களில் திசுவே இருக்காது. அதைத் தைப்பது கிழிந்த சட்டையைத் தைப்பது போல இல்லை, சிகரெட் சுட்ட ஓட்டையை இழுத்து மூடுவது போல. அப்புறம் உள்ளே: கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ் திரை கிழியும், லென்ஸின் பை உடைந்து சில மணி நேரத்தில் வெள்ளையாகும், அதன் பின்னால் உள்ள கூழ் போன்ற விட்ரியஸில் ரத்தம் நிறையும். சுமார் 4 மில்லிலிட்டர் கொள்ளும் அறையில் கொஞ்சம் ரத்தம் கலந்தாலே போதும், பின்னால் என்ன நடந்திருக்கிறது என்று வெளிச்சம் அடித்துப் பார்க்கும் எந்தக் கருவியாலும் எட்டிப் பார்க்க முடியாது.

கடைசியாக விழித்திரை. அதன் நடுவே, நாம் எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் ஃபோவியா என்ற சின்னக் குழிவால்தான். அதன் அகலம் சுமார் 1.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் அகலம் 2. இந்த இரண்டு அளவையும் சேர்த்துப் பார்த்தால் மீதியை நான் விளக்க வேண்டியதில்லை. ஃபோவியாவின் மேலேயே விழுந்த குண்டுக்குப் பிறகு உலகின் எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் 6/6 பார்வையை (பார்வை அட்டையில் குறையில்லாத அளவு) திரும்பக் கொண்டுவர முடியாது. நாலைந்து மில்லிமீட்டர் தள்ளி, ஓரத்தில் விழுந்தால் படிக்கும் பார்வை மிஞ்சலாம்.

இங்கே ஒரு பிரிவினை முக்கியம். 1996இல் ஃபெரென்ஸ் கூன் என்ற கண் காய நிபுணரும் கூட்டாளிகளும் கண் காயங்களுக்குப் பொதுச் சொற்களை வகுத்தார்கள். அதுவரை ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். குண்டு உள்ளே போய் உள்ளேயே நின்றால் அது ஒரு வகை. உள்ளே போய்ப் பின்சுவரையும் துளைத்து வெளியேறினால் வேறு வகை. கேட்பதற்கு, வெளியே போய்விட்டதே, நல்லதுதானே என்று தோன்றும். நேர்மாறு. பின்பக்கத் துளை பார்வை நரம்புக்கும் ஃபோவியாவுக்கும் பக்கத்தில் இருக்கும். தைக்கப் போனால் கண்ணைத் திருப்பி அழுத்த வேண்டும், அந்த அழுத்தத்தில் உள்ளே இருப்பது துளை வழியாகப் பிதுங்கும். அதனால் தைக்காமல் விடுவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் அது தானாகத் தழும்பிட்டு மூடும். பிற்பாடு அந்தத் தழும்பிலிருந்துதான் தொல்லை புறப்படும்.

முதல் நாள், இரண்டாம் வாரம்

அடிபட்டவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது ஸ்ரீநகர் எஸ்.எம்.எச்.எஸ். ஆஸ்பத்திரிக்கு. ஸ்ரீநகர் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி அது. புல்வாமாவிலிருந்தும் ஷோபியானிலிருந்தும் பாரமுல்லாவிலிருந்தும் கொண்டுவந்தார்கள். அமைதியான நாளில் ஒன்றிரண்டு மணி நேரப் பயணம். ஊரடங்கும் மறியலும் இருந்த நாட்களில் அது எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ்கள் நிறுத்தப்பட்டதையும் தாக்கப்பட்டதையும் மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள் என்ற அமைப்பு அந்த ஆண்டு இறுதியில் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. கண் வார்டுகள் நிரம்பின. ஒரே படுக்கையில் இரண்டு பேர், கறுப்புக் கண்ணாடி, கையைப் பிடித்து நடத்திப்போகும் அண்ணன் தம்பிகள். ஆஸ்பத்திரி வாசலில் ஊர்க்காரர்கள் அண்டா வைத்துச் சமைத்துப் போட்டார்கள்.

டெல்லி எய்ம்ஸிலிருந்து மூன்று கண் மருத்துவர்கள் ஜூலை நடுவில் வந்தார்கள். மும்பை ஆதித்ய ஜோத் கண் மருத்துவமனையின் டாக்டர் எஸ். நடராஜன், விழித்திரை அறுவையில் பெயர் பெற்றவர், தன் குழுவோடு பலமுறை ஸ்ரீநகருக்குப் போய் அறுவை செய்தார். உள்ளூர் டாக்டர்களைப் பற்றிப் பத்திரிகைகள் குறைவாகவே எழுதின. முதல் நாள் தையல் அத்தனையும் போட்டவர்கள் அவர்கள்தான். கண் காயத்தில் முதல் தையலின் தரம்தான் இரண்டாம் ஆபரேஷன் சாத்தியமா என்பதைத் தீர்மானிக்கிறது.

முதல் நாளில் செய்வது குறைவு, ஆனால் தள்ளிப்போட முடியாதது. மெல்லிய அடுக்குகளாக சி.டி. ஸ்கேன், துளையை மூடும் தையல் (கருவிழிக்குப் பயன்படும் 10-0 நைலான் நூல் தலைமுடியை விட மெல்லியது), கிருமி பிடிக்காமல் இருக்கக் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஊசி. 24 மணி நேரத்துக்குள் மூடிவிட வேண்டும் என்பது பொது நியதி. எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, உள்ளே இருப்பது எந்த உலோகம் என்று உறுதியாகும் வரை. ஈயத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் எல்லாக் குண்டும் ஈயம் என்று யார் உத்தரவாதம் தருவது? நம் ஊர் நாட்டுத்துப்பாக்கிகளில் பால்ரஸ் குண்டு போட்டு நிரப்புவார்கள். அது எஃகு. அது கண்ணுக்குள் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஆளை அனுப்பினால், முதல் தடவை தப்பிய விழித்திரையை இரண்டாம் தடவை நாமே கிழித்த மாதிரி. இரும்பு உள்ளே தங்கினால் மாதக்கணக்கில் கரைந்து விழித்திரையை நஞ்சாக்கவும் செய்யும். ஈயம் அந்த விஷயத்தில் சாது. கண்ணுக்குப் பின்னால், குழிக்குள் போய் நின்ற ஈயக் குண்டைத் தேடி எடுப்பதால் வரும் சேதம், விட்டுவைப்பதால் வருவதை விடப் பெரும்பாலும் அதிகம்.

இதைக் குடும்பத்துக்கு விளக்குவது கஷ்டம். "குண்டை எடுத்தாச்சா டாக்டர்?" என்பதுதான் எந்த ஊரிலும் முதல் கேள்வி. எடுத்துவிட்டோம் என்றால் முகம் மலரும். விட்டுவிட்டோம் என்றால், ஏதோ பாதி வேலை செய்த மாதிரி பார்ப்பார்கள். குண்டு தன் வேலையை ஒரு நொடியில் முடித்துவிட்டது. அதை எடுப்பதும் விடுவதும் பார்வைக் கணக்கில் பெரும்பாலும் இரண்டாம் பட்சம்.

இரண்டாம் ஆபரேஷன், விட்ரியஸ் கூழை வெட்டி எடுக்கும் விட்ரெக்டமி. 1970 வாக்கில் மயாமியில் ராபர்ட் மாக்கமர் இதை வடிவமைக்கும் வரை, ரத்தம் நிறைந்த விட்ரியஸுக்குள் நுழையப் பெரும்பாலோர் துணியவில்லை. பல கண்கள் சுருங்கிப் போகும், சிலவற்றை எடுத்துவிடுவார்கள். இப்போது, முதல் தையலுக்குப் பிறகு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் இதைச் செய்வது வழக்கம். பின்பக்கத் துளை மூடியிருக்கும், விட்ரியஸ் கூழும் விழித்திரையிலிருந்து தானாக விலகத் தொடங்கியிருக்கும், வெட்டி எடுக்கச் சுலபம். ரத்தத்தையும் குண்டையும் எடுத்து, கிழிந்த விழித்திரையை லேசரால் ஒட்டி, சிலிகான் எண்ணெயை நிரப்பி வைப்பார்கள். சில மாதம் கழித்து அந்த எண்ணெயை எடுக்க இன்னொரு ஆபரேஷன். கருவிழியே வெள்ளையாகிவிட்டால் உள்ளே பார்க்க ஜன்னல் இல்லை. தற்காலிகச் செயற்கைக் கருவிழி வைத்து வேலையை முடித்து, பிறகு தானக் கருவிழியைப் பொருத்த வேண்டும். பள்ளத்தாக்கில் வசதி போதாமல் அமிர்தசரஸ், டெல்லி, சென்னை என்று அலைந்த குடும்பங்கள் உண்டு.

இவ்வளவும் ஒழுங்காக நடந்து, விழித்திரை ஒட்டிக்கொண்டு, கண்ணும் உருண்டையாக நிற்கிறது என்றால் அறுவை செய்தவரின் கோலில் அது வெற்றி. அவர் பொய் சொல்லவில்லை. கண் சுருங்கிப் போகாமல் காத்திருக்கிறார். அந்தக் கண்ணுக்கு முன்னால் விரலைக் காட்டினால் எத்தனை என்று சொல்லுமா என்பது தனிக் கேள்வி.

காத்த கண்ணையும் குலைப்பது தழும்பு. துளைவழியே நுழைந்த செல்களும் விழித்திரைக்கு அடியிலிருந்து கிளம்பிய செல்களும் விழித்திரையின் மேலும் கீழும் ஒரு சவ்வாகப் படரும். நனைந்த கதர் வேட்டி காயும்போது சுருங்குவது போல அது சுருங்கி, ஒட்டிவைத்த விழித்திரையை மறுபடி இழுத்துப் பிரிக்கும். பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் வரும். ஆகவே ஒரு மாதத்தில் எடுத்த பார்வை அளவை முடிவு என்று எழுதும் எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை. ஆறு மாதமாவது போகட்டும்.

ஒரே தொடக்கம், இரண்டு கண்கள்

இனி அளவுக்கு வருவோம். கூனும் கூட்டாளிகளும் 2002இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். அமெரிக்க, ஹங்கேரியக் கண் காயப் பதிவேடுகளில் இருந்த 2,500க்கும் மேற்பட்ட காயங்களை வைத்துக் கணக்கிட்டது. உலகமெங்கும் கண் அவசரப் பிரிவுகளில் இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஆள் வந்ததும் பார்வையைச் சோதித்து ஒரு தொடக்க மதிப்பெண்: வெளிச்சமே தெரியவில்லை என்றால் 60, வெளிச்சமோ கை அசைவோ மட்டும் தெரிந்தால் 70, அதற்கு மேல் படிப்படியாக 100 வரை. பிறகு கழித்தல். கண் வெடித்திருந்தால் 23, உள்ளே சீழ் பிடித்தால் 17, முன்னும் பின்னும் துளைத்திருந்தால் 14, விழித்திரை பிரிந்திருந்தால் 11, கண்ணின் பாப்பா (கருவிழியின் நடுத் துளை) வெளிச்சத்துக்கு ஒழுங்காகச் சுருங்காமல் பார்வை நரம்பின் பழுதைக் காட்டினால் 10.

விளக்கத்துக்காக, ஒரே வார்டில் அடுத்தடுத்த படுக்கையில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வலது கண்ணில் ஒரே ஒரு பெல்லட். இருவருக்கும் முகத்துக்கு முன்னால் கை அசைவது மட்டும் தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீக்கம், ஒரே சிவப்பு. இருவருக்கும் தொடக்கம் 70.

முதல் ஆளுக்குக் குண்டு உள்ளேயே நின்றிருக்கிறது. ரத்தம்தான் பார்வையை மறைக்கிறது. விழித்திரை ஒட்டியிருக்கிறது, டார்ச் அடித்தால் பாப்பா பதில் சொல்கிறது. கழிக்க ஒன்றும் இல்லை, 70 அப்படியே. மதிப்பெண்களை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் படிதான் மிக மோசம். இது மூன்றாம் படி. இந்தப் படியில் இருப்பவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு இறுதியில் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை கிடைத்திருக்கிறது. பேப்பர் படிக்கலாம், ஆள் முகம் தெரியும்.

இரண்டாவது ஆளுக்குக் குண்டு பின்னால் துளைத்துக்கொண்டு போய்விட்டது: 14 போக 56. விழித்திரை பிரிந்திருக்கிறது: 45. பாப்பாவின் பதில் தப்பு: 35. முதல் படி. இங்கே இருப்பவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேருக்கு இறுதியில் வெளிச்சமே தெரியாது. 6/12 கிடைப்பவர் நூற்றில் ஒருவர்.

ஒரு சின்ன வித்தை இங்கே சொல்லியாக வேண்டும். அடிபட்ட கண்ணின் ஐரிஸ் கிழிந்திருந்தால் அந்தப் பாப்பா அசையாது. அதற்காகச் சோதனையை விட்டுவிட வேண்டியதில்லை. நல்ல கண்ணின் பாப்பாவைப் பார்த்துக்கொண்டே டார்ச்சை மாற்றி மாற்றி அடித்தால் போதும். அடிபட்ட கண்ணில் வெளிச்சம் படும்போது நல்ல கண்ணின் பாப்பா விரிந்தால் நரம்பு பழுது. இரண்டு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையை அவசரத்தில் மறந்துவிட்டு, ஸ்கேன் வரட்டும் என்று காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கழித்தல் பட்டியலில் ஆஸ்பத்திரியின் கையில் இருப்பது எது என்று பாருங்கள். சீழ் பிடிப்பதைச் சீக்கிரம் தைத்தும் ஊசி போட்டும் பெருமளவு தடுக்கலாம். விழித்திரை பிரிவதை ஓரளவு எதிர்கொள்ளலாம். மற்றவை எல்லாம் ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே கழிந்துவிட்டவை. நிபுணர் குழு விமானத்தில் வந்து இறங்கும்போது அந்த 35ஐ 70 ஆக்க முடியாது. 35க்குள் கிடைக்கக்கூடியதில் சிறந்ததைத்தான் தேட முடியும். "வெளியிலிருந்து பெரிய டாக்டர் வந்தார், பார்வை வந்தது" என்ற ரீதியில் வந்த செய்திகள் எனக்கு உறுத்தியதற்குக் காரணம் இது.

ஒப்பிட இன்னொரு நாடு. 2019 அக்டோபரில் தொடங்கிய போராட்டங்களில் சிலே நாட்டுப் போலீஸ் ரப்பர் குண்டு என்று சொல்லிச் சுட்டது. சிலே பல்கலைக்கழகத்தில் குண்டை ஆராய்ந்தபோது ரப்பர் 20 சதவீதம்தான், மீதி சிலிக்கா, பேரியம் சல்ஃபேட், ஈயம். காஷ்மீர்க் குண்டை விடப் பல மடங்கு பெரியது. அதனால் துளைப்பதோடு நிற்காமல் கண்ணை வெடிக்கவும் வைத்தது. மேலே சொன்ன கணக்கில் 23 போகும் வகை. சாண்டியாகோவின் சால்வடோர் ஆஸ்பத்திரியில் கண் காயத்துக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருந்தது. அடிபட்டவர்களில் பெரும்பகுதி அங்கே வந்ததால் அவர்களின் கண்கள் ஒரே பதிவேட்டில் பதிவாயின. பிற்பாடு அரசு அவர்களுக்கு ஓய்வூதியம் தந்தபோது அந்தப் பதிவுகள் உதவின. ஸ்ரீநகரில் அப்படி நடக்காததற்குக் காரணம் டாக்டர்கள் அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

நல்ல கண்ணின் சட்டம்

54க்குத் திரும்புவோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையானாலும் இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆனாலும், பார்வையின்மையை அளப்பது இரண்டு கண்ணில் நன்றாகத் தெரியும் கண்ணை வைத்து. சட்டப்படி நல்ல கண்ணில் 3/60க்குக் கீழே (பிறர் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரிலும் காண முடியாத நிலை) போனால் பார்வையின்மை, 6/18க்குக் கீழே குறைபார்வை. பெல்லட் பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அடிபட்டது ஒரு கண். மறு கண் 6/6. ஆக, அடிபட்ட கண்ணில் வெளிச்சம்கூட இல்லாத ஒருவர் இந்தக் கோலின்படி பார்வை இழந்தவர் அல்ல, குறைபார்வை உள்ளவரும் அல்ல. 700க்குப் பக்கத்தில் 54 நிற்பது இந்தக் கோலை வைத்தால் அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது.

ஊனச் சான்றிதழுக்கான 2018 வழிகாட்டி ஒற்றைக் கண்ணரை அடியோடு மறந்துவிடவில்லை. நல்ல கண் சரியாக இருந்து மறு கண் முழுக்கப் போயிருந்தால் 30 சதவீதம் தந்தது. இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத் தேவை 40. பத்து சதவீதம் பற்றாது.

ஒரு கண் போனால் போகட்டும், ஒன்று இருக்கிறதே என்று ஊர் சொல்லும். இரண்டு கண்ணும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு போய்விடும் என்பது மறு நாள் காலையே தெரியும். சமோவாரிலிருந்து கோப்பையில் நூன் சாய் என்ற உப்புத் தேநீரை ஊற்றினால் பாதி தட்டில் விழும். படிக்கட்டில் கடைசிப் படி எங்கே என்று கால் தடவும். அடிபட்ட பக்கத்திலிருந்து வரும் வண்டி, மோதும் நேரத்தில்தான் தெரியும். பெரும்பாலோர் சில மாதங்களில் தலையைத் திருப்பிப் பழகிக்கொள்கிறார்கள், ஓட்டுநர்கள்கூட. ஆனால் ஷோபியானில் ஏணி போட்டு ஆப்பிள் பறிக்கிறவருக்கும், சால்வையில் ஊசிவேலை செய்கிறவருக்கும் அந்தப் பழக்கம் எளிதில் வருவதில்லை.

குழந்தைகளுக்கு இன்னொரு இழப்பு சேரும். 2018 நவம்பரில் ஷோபியான் மாவட்டத்தில் இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தையின் வலது கண்ணில் பெல்லட் பட்டது. வீட்டுக்குள் இருந்த குழந்தை. அந்த வயதில் மூளை இன்னும் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. தெளிவில்லாத படம் ஒரு கண்ணிலிருந்து வந்துகொண்டிருந்தால், மூளை அந்தக் கண்ணைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும். பிறகு கண்ணைச் சரி செய்தாலும் பார்வை எழாது. ஆகவே ஆபரேஷனோடு நிற்காமல், ஏழெட்டு வயது வரை நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, அடிபட்ட கண்ணை உழைக்க வைக்க வேண்டும். தெரியும் கண்ணை மூடினால் எந்தக் குழந்தை சும்மா இருக்கும்? அம்மாவும் பாட்டியும் தினம் படும் பாடு அது. இந்த வேலை எந்த ஆபரேஷன் கணக்கிலும் வராது.

அட்டையில் உள்ள பெயர்

நல்ல கண்ணுக்கும் ஓர் ஆபத்து உண்டு. காயம்பட்ட கண்ணின் உள்திசு வெளிப்பட்டதும் உடலின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியம் என்று எண்ணி, அதே திசு உள்ள மறு கண்ணையும் தாக்கலாம். லூயி பிரெய்ல் 1812இல், மூன்று வயதில், அப்பாவின் தோல் பட்டறையில் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். ஐந்து வயதுக்குள் இரண்டும் போயிற்று. மறு கண்ணைப் பறித்தது இதுதான் என்பது கண் மருத்துவர்களின் பொதுவான கணிப்பு. இன்று இது அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் வரும், பல ஆண்டு கழித்தும் வந்திருக்கிறது. நல்ல கண் சிவந்தாலோ, மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்த்தால் வலித்தாலோ அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். ஸ்டீராய்டு சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

எனவே கண்ணில் பெல்லட் துளைத்த ஒவ்வொருவரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும். சிலிகான் எண்ணெயை எடுக்க, அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க, தழும்பு இழுக்கிறதா என்று பார்க்க, நல்ல கண்ணைப் பார்க்க. ஸ்ரீநகரில் பலர் மறுபடி வரவில்லை. ஆஸ்பத்திரியில் போலீசின் நடமாட்டம் இருந்தது. பெல்லட் காயமே போராட்டத்தில் இருந்ததற்கு அத்தாட்சியாகிவிடும், வழக்கு வரும் என்ற பயத்தில் பலர் சேரும்போதே பொய்ப் பெயரும் பொய் ஊரும் கொடுத்தார்கள். சில படுக்கைகளில் பெயருக்குப் பதில் எண் மட்டும் தொங்கியது. முதல் நாள் உயிரைக் காக்க அது போதுமானதாக இருந்தது. ஆறு மாதம் கழித்து எண்ணெய் எடுக்கக் கூப்பிடும்போதுதான் சிக்கல். பார்வை அட்டையின் கோலால் அளக்க வேண்டிய கண்கள், அளக்கும் நாளில் இல்லை. வராதவர் சரியாகிவிட்டார் என்று எழுதுவதா, கெட்டுவிட்டது என்று எழுதுவதா? இரண்டுமே தப்பு. ஆனால் பதிவேட்டில் ஆளை விட்டுவிட்டால், அவருக்குக் குறைபாடு இல்லை என்று எழுதியதற்குச் சமமாகத்தான் கூட்டுத்தொகை வரும்.

புற நோயாளிப் பிரிவில் ஊழியர் அட்டையைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுகிறார். பெஞ்சில் இருக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த அட்டையை எடுக்கிறார்.